தானாக ஓடுகிற பம்பு

பலகையைத் தூக்கியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது.

படகின் அடியில் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர். தண்ணீரா அது? மேலே நல்லெண்ணெய் ஏடு கட்டி நின்றது. அதில் கடலைத்தோல், பீடித்துண்டு, கொத்துக் கொத்தாக முடி, யாரோ கக்கிய சோறு. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்தவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவிக்குப் போகுமுன் படகிலும் ஒரு சுற்று வந்து வழியவிட்ட கண்றாவி.

மனுசப் பிறவிகளா இவர்கள் என்று பேச்சிமுத்து காறித் துப்பினான்.

விடிந்ததிலிருந்தே அவனுக்குக் குமட்டல்தான். எழுந்ததும், முந்தின நாள் எடுத்துவைத்த குடத்திலிருந்து ஒரு வாய் குடித்தான். எண்ணெய்ச் சிக்கு. பல நாளாகவே இப்படித்தான். குடம் விளக்கத் தெரியாதவள் என்று மனைவி ஆவுடையம்மாளை நாலு வீட்டுக்குக் கேட்க ஏசி, செம்பை முற்றத்தில் விட்டெறிந்துவிட்டு வந்திருந்தான்.

"கொடம் என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டாள் அவள்.

குளத்துப் படித்துறைக்கு மேலே குடையோடு நின்றார் படகு முதலாளி நமசிவாயம் அண்ணாச்சி. மூக்கில் கைக்குட்டை. மத்தியானம் அவருடைய சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். படகு அடியெல்லாம் காய்ந்து இருக்க வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்.

ஒழுகுகிற பழம்படகு. போன சீசன் வரை பேச்சிமுத்துதான் தினமும் வாளியால் இறைத்து, சுமந்துகொண்டுபோய் உடைமரத்தடியில் கொட்டுவான். இடுப்பு ஒடிந்துவிடும். இந்தச் சீசனுக்குத்தான் கொச்சியிலிருந்து பாட்டரி பம்பும் மிதவை சுவிட்சும் வந்தன. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், பம்பு தானாக ஓடும். முடி சிக்காமல் இருக்க வலைக்கூண்டு போட்டதுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்க வைத்தவனே அவன்தான். வந்த அன்றைக்கு ஆவுடையம்மாளைக் கூட்டிவந்து கூண்டைத் திறந்து காட்டிப் பீற்றிக்கொண்டான். வாரம் தவறாமல் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தும் வைத்தான். ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கினான்.

அந்தச் சனியன் நேற்று ராத்திரி ஓடவில்லை.

வாயால் மூச்சு விட்டபடி கையை உள்ளே விட்டான். வழவழவென்று என்னென்னவோ விரலில் சுற்றியது. கூண்டு தட்டுப்பட்டதும் கதவைத் திறந்து மிதவையை நெம்பினான். அசையவில்லை. முடி சிக்கிவிட்டதாக்கும் என்று பிடித்து இழுத்தான்.

கையில் வந்தது வாழைநார். மிதவையை மேலே எழும்பவிடாமல் கீழே சேர்த்துக் கட்டியிருந்தது.

முடிச்சை விரலால் தடவிப் பார்த்தான். கோயிலுக்கு மாலை கட்டுகிறவள் போடுகிற முடிச்சு. தினமும் சாயங்காலம் அவன் வீட்டு நடையில் உட்கார்ந்து ஆவுடையம்மாள் போடுகிற முடிச்சு.

அடிப்பாவி, பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாளே என்று ஆத்திரம் பொங்கியது.

திட்டத்தான் நிமிர்ந்தான்.

பம்பின் குழாய் படகின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாய் நேரே படித்துறையைப் பார்த்திருந்தது. அங்கே அவன் ஊர் மேலகரத்துப் பெண்கள் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் உள்ளங்கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி விலக்கிவிட்டுத்தான் குடத்தை முக்குவார்கள். எதற்கு என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. இன்றைக்குத் தண்ணீரில் எண்ணெய் ஏடு இல்லை; யாரும் விலக்கவில்லை.

ஆவுடையம்மாளும் நின்றாள். குடத்தை நேரே முக்கி எடுத்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

"ஏலே, என்னலே முழிக்கெ? சுவிச்சுக்கு என்ன கேடு?" என்று மேலேயிருந்து கத்தினார் அண்ணாச்சி.

காலையில் குடித்த அந்த ஒரு வாய் தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. பேச்சிமுத்து அதைக் கஷ்டப்பட்டு விழுங்கினான். முடிச்சை அவிழ்க்காமல் கூண்டுக் கதவைச் சாத்தினான்.

"சுவிச்சு செத்துப்போச்சு அண்ணாச்சி. இனிமே வாளியாலயே எறைச்சிருதேன்."