பட்டியலில் இல்லாத ஜக்கம்மாள்

“கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி, கம்பெனிக்கு அனுப்புன லிஸ்ட்டைக் காட்டுங்க சார்.” கேட்கவே கூடாது என்று மேலாளர் சொல்லிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். வார்டு கூட்டும் ஜக்கம்மாள் அக்காவின் ஆபரேஷனுக்குப் பணம் தர மறுத்த இன்சூரன்ஸ் கம்பெனிமீது எங்கள் ஆஸ்பத்திரி வழக்குப் போட்டிருக்கிறது. ஊழியர் எல்லோர் பெயரும் இன்சூரன்ஸுக்கு அனுப்பியாயிற்று என்று கிளார்க்கான நான் சாட்சி எழுத வேண்டுமாம். “டிகிரி பேசுதோ?” மேலாளர் மோகன்குமார் சிரித்தபடி தாள்களைத் தள்ளுகிறார். ஜன்னல் வெயிலில் வரிவரியாக விரலை நகர்த்துகிறேன். வேலைக்கே வராத முதலாளியின் மச்சான் இருக்கிறார். ஜக்கம்மாள் இல்லை. “தொடப்பம் பிடிக்கிறவங்களையெல்லாம் யாரும்மா சேர்ப்பா? போடு.” “நீங்க இப்பச் சொன்னதையே கோர்ட்டுல வந்து சொல்றேன் சார்.” பேனாவை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு எழுகிறேன். வராந்தாவில் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி அக்கா தரை துடைக்கிறார். “ஈரமா இருக்கு, பாத்துப் போ தாயி.” நிற்காமல் நடக்கிறேன்.