நீர் மேலாண்மைப் பொறியாளர்

"ஆகமொத்தம் என் புருஷன் பொழப்புல மண்ணைப் போட்டது நீங்கதான், அப்பா!"

மகள் தாளை மேஜைமேல அடிச்ச அடியில, டைப்பிஸ்ட் சாரோட மூக்குக்கண்ணாடி ஒரு துள்ளு துள்ளுச்சு. ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் டைப் அடிச்சவர். ரிட்டயர் ஆனது அவர்தான், விரல் இன்னும் ஆகல. வினையே அங்கதான்.

மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுல பிளம்பர் வேலை கிடைச்சாச்சு. பெட்டிகூட வாங்கியாச்சு. விசா மட்டும் கிடையாதுன்னுட்டாங்க. காரணத்தையும் அந்தத் தாள்ல எழுதியிருந்தாங்க: ‘விண்ணப்பம் பிளம்பர் வேலைக்கு. அனுபவச் சான்றிதழிலோ நீர் மேலாண்மைப் பொறியாளர் என்றிருக்கிறது. குழாய் வேலையைக் கையால் செய்ததற்கு ஆதாரம் இல்லை.’

மாப்பிள்ளை வேலை பாக்குற குழாய்க் கடைக்காரர் எழுதிக்கொடுத்தது பிளம்பர்னுதான். "நீட்டா அடிச்சுத் தர்றேன்"னு வாங்கிட்டுப் போய் மாத்தினது மாமனார்! கடைக்காரராவது படிச்சிருக்கலாம். அவர் எதையும் படிக்காம கையெழுத்துப் போடுற ரகம். ஒருதடவை பக்கத்துக் கடைக்கு வந்த கண்ணாடி பீரோவைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, ரெண்டு மாசம் அதுல குழாய் அடுக்கி வெச்சிருந்தாரு. அது தனிக்கதை, விடுங்க.

டைப்பிஸ்ட் சார் கல்யாணத்தப்பவே தெரு முழுக்க "மாப்பிள்ளை என்ஜினியர்"னு சொல்லிட்டாரு. ஒன்பது வருஷமா அதைக் கட்டிக் காப்பாத்துறாரு. தெருக்காரங்களும் வழியில பாக்குறப்பல்லாம் "என்ஜினியர் சௌக்கியமா சார்?"னு கேப்பாங்க. கேட்டா இவருக்கு அரை அடி உயரம் கூடிடும்.

"அப்பீல் பண்ணலாமா, மாப்பிள்ளை?" டைப்பிஸ்ட் சார் மெல்லக் கேட்டாரு.

"பண்ணலாம் மாமா. நாளைக்குத்தான் கடைசி நாள். கடைக்காரர் சரியான சான்றிதழ் கொடுத்துட்டாரு. ஆனா வேலை பாத்த வீட்டுக்காரங்க லெட்டரும் வேணுமாம்."

"வாங்கிட வேண்டியதுதானே?"

"புதுக் கட்டடத்துல பைப் போடுறவன் மாமா நான். நான் கிளம்பினதுக்கப்புறம்தான் குடித்தனமே வரும். அவங்களுக்கு என் மூஞ்சியே தெரியாது."

"ஏங்க, ஒரு வீடுகூடவா இல்ல?"ன்னா மகள்.

மாப்பிள்ளை தலையைச் சொறிஞ்சாரு. "ஒண்ணு இருக்கு. மூணாம் வீட்டு ரேடியோ அக்கா..."

"நம்ம தெருவுலயா!" டைப்பிஸ்ட் சார் அலறினாரு. "இந்தத் தெருவுல மட்டும் ஸ்பானரைத் தொடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டேனே!"

"வீடு பூரா தண்ணி மாமா. கட்டில் மிதக்காத குறை. பாத்துட்டுச் சும்மா போக முடியுமா? இருங்க, நானே போய்க் கேக்குறேன்."

மகள் அவரைப் பிடிச்சு உக்கார வெச்சா. "நீங்க இருங்க. டைப் அடிச்ச கை போகட்டும்."

ரேடியோ அக்காவுக்கு அந்தப் பேரு சும்மா வரல. காலையில அவங்க காதுல விழுந்தது மத்தியானத்துக்குள்ள தெருமுனை தாண்டிடும். கோடிவீட்டுப் பொண்ணு உண்டாயிருக்கான்னு டாக்டருக்கு முன்னாடியே அவ மாமியார்கிட்ட சொன்னவங்க.

டைப்பிஸ்ட் சார் கேட் வரைக்கும் போய் ரெண்டு தடவை திரும்பி வந்தாரு. ஒருதடவை செருப்பு மாத்த, ஒருதடவை தண்ணி குடிக்க. மூணாவது தடவை வரதுக்குள்ள மகள் கதவைத் தாழ் போட்டுட்டா. வேற வழியில்லாம போனாரு.

"வாங்கண்ணே! என்ஜினியர் சௌக்கியமா?"

"அது வந்தும்மா... என் மாப்பிள்ளை என்ஜினியர் இல்ல. பிளம்பர். ஒன்பது வருஷமா உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். அதே பொய்யை சான்றிதழ்லயும் அடிச்சு அவர் விசாவைக் கெடுத்துட்டேன். உங்க வீட்டுக் குழாயை அவர்தான் சரி பண்ணாருன்னு நாலு வரி எழுதித் தாங்கம்மா. அப்புறம் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோங்க."

ரேடியோ அக்கா சட்டுன்னு எழுந்தாங்க. விறுவிறுன்னு வாசலுக்குப் போனாங்க.

"டீச்சரக்கா! தையல்காரரே! பேப்பர் எடுத்துட்டு ஓடியாங்க! டைப்பிஸ்ட் சாரே வாயைத் திறந்துட்டாரு!"

போச்சு, மானம் மொத்தமும் போச்சுன்னு டைப்பிஸ்ட் சார் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு.

"என்னுது சிங்க் அடைப்பு, மூணு தடவை. தேதி போடணுமா சார்?" இது டீச்சர்.

"எனக்கு மாடித் தொட்டி வால்வு. போன மாசம்கூட வந்தாரே!" இது தையல்காரர்.

அரைமணியில ரேடியோ அக்கா வீட்டு மேஜைமேல பதினோரு லெட்டர். டைப்பிஸ்ட் சார் ஒவ்வொண்ணா புரட்டினாரு.

"இத்தனை வீட்டுலயா? அப்ப உங்களுக்கெல்லாம் எப்பலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமான மறுவாரத்துலேர்ந்து." ரேடியோ அக்கா பன்னண்டாவது லெட்டரை எழுதிக்கிட்டே சொன்னாங்க. "வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வீடு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. ‘மாமா எதிர்ல என்னை என்ஜினியர்னே சொல்லுங்க, அவர் மனசு உடைஞ்சிடக்கூடாது’ன்னு."

கையெழுத்தைப் போட்டு, லெட்டரை அவர்கிட்ட நீட்டினாங்க.

"என் ஆயுசுல வெளிய விடாத ரகசியம் இது ஒண்ணுதாண்ணே. ஒன்பது வருஷம்! என்ன பாடு பட்டிருப்பேன்னு நினைச்சுப் பாருங்க!"