ஒரே ஒரு பெட்டி

"ஒரே ஒரு பெட்டிக்காகப் பழைய வழியை இன்னும் எத்தனை வருஷம் சார் திறந்து வச்சிருக்கிறது?"

டீம் லீடர் கேட்டதும் அறையில் இருந்த எல்லோரும் மூத்த புரோகிராமரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மேசையைப் பார்த்தார்.

தனியாக வசிக்கும் முதியவர்களுக்கான பெட்டி அது. காலையில் எழுந்து பொத்தானை அழுத்தினால், மகனுக்கோ மகளுக்கோ போனில் செய்தி போகும். அவர்கள் 'பார்த்தேன்' என்று தட்டினால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான்.

புதுப் பெட்டி வந்து மூன்று வருடமாகிறது. அது சர்வரோடு பேசும் முறையே வேறு. எல்லோரும் மாறிவிட்டார்கள், ஒரு பெரியவரைத் தவிர. அவர் ஒருவருக்காகச் சர்வரில் பழைய வழியும் திறந்தே இருந்தது. எதை மாற்றினாலும் இரண்டு தடவை சோதிக்க வேண்டியிருந்தது. தாமதத்துக்கு மேலிடத்தில் பேச்சு வாங்குவது டீம் லீடரான அவள்தான்.

"அது மியூசியம் சார் எழுதின முதல் புரோகிராம், தலைச்சன் பிள்ளை மேடம். கழுத்தை நெரிக்க மனசு வருமா?" என்றான் ஒருவன், மூத்தவரைக் காட்டி. சிரித்தார்கள்.

"புதுப் பெட்டியை இலவசமாத்தானே தர்றோம்? அனுப்பி வைங்க சார்."

"மூணு தடவை அனுப்பியாச்சு மேடம். திருப்பி அனுப்பிடறார்."

அன்று சாயங்காலம் அவள் பார்சல் பிரிவில் விசாரித்தாள்.

"அந்த விலாசத்துக்கா? ஒண்ணுகூடப் போகலையே. சார்தான் அனுப்ப வேண்டாம்னு சொல்லிட்டார்."

அவளுக்குச் சுருக்கென்றது. தான் எழுதிய புரோகிராம் சாகக் கூடாது என்று பொய்! இவருக்காகவா இத்தனை நாள் பரிந்து பேசினோம்? வீட்டுக்குக் கிளம்புமுன் பழைய வழியை அவளே மூடினாள்.

மறுநாள் காலை அவள் பையை இறக்கி வைப்பதற்குள் அவர் வந்து நின்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"திறந்துவிடுங்க மேடம். ஆறு இருபதுலேர்ந்து அழுத்திட்டிருக்கார்."

அவள் சர்வர் பதிவைத் திறந்தாள். ஏற்காமல் திருப்பப்பட்ட அழைப்புகள் நாற்பத்தொன்று. எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து.

"இதுக்குத்தான் புதுசை அனுப்பச் சொன்னேன். நீங்க அனுப்பவே இல்லையாமே? இந்த வயசுல பொய் எதுக்கு சார்? அவ்வளவு பெருமையா உங்க புரோகிராம் மேல?"

"அது எக்கேடும் கெட்டுப் போகட்டும் மேடம். பெட்டியை மாத்தக் கூடாது."

"ஏன்?"

"பழசுல வெறும் பச்சை விளக்கு. புதுசுல திரை இருக்கு. யார் பார்த்தாங்கன்னு பேர் வரும்."

"வரட்டுமே. மகன் பேரைப் பார்த்தா சந்தோஷம்தானே படுவார்?"

அவர் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை நீட்டினார். மகன் அனுப்பிய கடிதம்.

'தினமும் விடியற்காலையில் செய்தி வருகிறது. தூக்கம் கெடுகிறது. என் எண்ணை நீக்கிவிடவும். அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.'

தேதியைப் பார்த்தாள். இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவள் மறுபடி பதிவுக்குள் போனாள். நேற்றுக் காலை ஆறு இருபதுக்குப் பொத்தான். ஆறு இருபத்தொன்றுக்கு 'பார்த்தேன்'. முந்தாநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமையும்.

"அப்போ தினமும் தட்டறது யாரு?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை.

"முதல்ல திறந்துவிடுங்க மேடம். காபிகூடக் குடிச்சிருக்க மாட்டார்."

அவள் திறந்துவிட்டாள்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது நிமிடமும் போனது. பெரியவர் அழுத்தி ஓய்ந்துவிட்டாரோ என்று அவள் திரையை நெருங்கிக் குனிந்தாள்.

பிறகு திரையில் ஒரு வரி ஏறியது. நாற்பத்திரண்டாவது தடவை.

எதிரே நின்றவரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.