நாற்பதாவது உறுப்பினர்

2 மே 2047. சிறு தவறுதான் என்று காலையில் நினைத்தேன். சேவைச் சங்கத்தின் ஆண்டு இலக்கு நாற்பது புதிய உறுப்பினர்கள். ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. ஒருவர் குறைந்ததால், நேற்று மாலை வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மாவின் பெயரைச் சேர்த்துவிட்டேன். படிவத்தை இரண்டு முறை சரிபார்த்தேன், விதியைப் பார்க்கவில்லை. உறுப்பினர்கள் சேவை செய்யலாம், பெறக்கூடாது. ஊரில் டயாலிசிஸ் செய்வது சங்க மையம் ஒன்றுதான். வாரம் மூன்று முறை அங்கே போகும் அம்மாவின் இடம் ரத்தாகிவிட்டது.

"பேரை எடுத்துடுங்க சார்," என்றேன்.

"வளர்ச்சி கொறஞ்சிடுமேம்மா. ஜூன்ல சங்க ஆண்டு முடியட்டும், பாக்கலாம்," என்றார் செயலாளர் தணிகாசலம்.

அம்மா வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, "எனக்கும் பேட்ஜ் குடுப்பாங்களாடி?" என்று சிரித்தாள்.

நாளை: காலை ஏழு மணிக்கு அம்மாவை மையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். நோயாளிகளுக்கு டோக்கன் கொடுப்பது அவளுடைய முதல் சேவை.