நாலாவது ஆள்

கோபிசங்கர் உள்ளே வந்ததும், கிருபைரட்ணம் கேற்றை இழுத்துச் சாத்திப் பூட்டுப் போட்டு, திறப்பைச் சாரத்து மடிக்குள் செருகிக்கொண்டார். "திறந்து கிடந்தா நாய் ஓடிப்போடும், தம்பி," என்றார். முற்றத்தில் நாயும் இல்லை, நாய்ச் சங்கிலியும் இல்லை.

கோபிசங்கர் பூட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அரியாலையில் இந்த வீட்டுக்கு அவன் நாலாவது ஆள். ஏ.எல். பரீட்சை முடித்த பிள்ளைகளுக்கு எந்தக் கம்பஸ், எந்தப் படிப்பு, செலவுக்கு என்ன வழி என்று வீடுவீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் பட்டதாரிகள் குழுவில் ஒருவன்.

முன்னால் வந்த மூன்று பேரும் காரியம் முடிக்காமல்தான் திரும்பியிருந்தார்கள். "ஒரு மணித்தியாலம் கதைக்க விட்டினம், தேத்தண்ணி தந்தினம், போகச் சொல்லிச்சினம். அது ஒருமாதிரியான வீடு மச்சான், கவனம்," என்று சொல்லியும் விட்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். இந்த வீட்டு மகள் தர்ஷிகாவுக்குத் தெற்கிலுள்ள ஒரு கம்பஸில் முகாமைத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. நாளைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் போய்விடும். தாயும் தகப்பனும் அசையவில்லை. 'அந்தக் கம்பஸிலை படிச்ச அண்ணைமாரைத்தான் அனுப்போணும்' என்று தர்ஷிகாவே குழுவுக்குப் போன் எடுத்துக் கேட்டிருந்தாள். கோபிசங்கர் படித்ததும் அங்கேதான்.

அவர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருந்தது. தர்ஷிகாவின் அண்ணன் பிறேம் அதே கம்பஸுக்குப் போய், முதல் வருஷம் பாதியிலேயே திரும்பி வந்து அறைக்குள் புகுந்தவன். இரண்டு வருஷமாக ஒருவரோடும் ஒரு வார்த்தை கதைப்பதில்லை. படிப்புக் கூடித் தலை பிழைத்துப்போச்சு என்றது ஊர். பிறேம் என்று ஒருவனைக் கோபிசங்கருக்கு ஞாபகமே இல்லை. புதுப் பிள்ளைகளின் சொந்தப் பெயர் அங்கே எந்தச் சீனியருக்குத் தெரியும்!

தாய் றோஸ் ஒரு கதிரையைத் தூக்கிவந்து, சாத்தியிருந்த அறைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டார். "இதிலை இருந்து கதையுங்கோ, தம்பி. கொஞ்சம் பெலத்து."

கிருபைரட்ணம் எழும்பி ஃபானை நிறுத்தினார். தெருச் சத்தம் கேட்காதபடி யன்னலையும் சாத்தினார். இந்தப் புழுக்கத்தில் இதென்ன கூத்து? யாருக்குக் காது மந்தமென்றும் விளங்கவில்லை.

ஆனாலும் கோபிசங்கருக்குக் கதைக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

"காசை நினைச்சுப் பயப்பிடாதேங்கோ, அன்ரி. தனியார் கல்லூரி எண்டாத்தான் காணி பூமி வித்துக் கட்டோணும். இது அரசாங்கக் கம்பஸ், கட்டணமே இல்லை. மகாபொல உதவிப்பணம் கிடைச்சாச் சாப்பாட்டுச் செலவிலை ஒரு பங்கு கழிஞ்சிடும். முதல் வருஷம் ஹொஸ்ரலும் குடுப்பினம்."

"காசு இல்லைத் தம்பி பிரச்சினை," என்றார் றோஸ். "எங்களுக்கு ஒண்டு தெரியோணும். அது தெரிஞ்சா நாளைக்கே பிள்ளையை அனுப்புவம்."

"கேளுங்கோ, அன்ரி."

"பகிடிவதை. உந்த றாகிங்."

அட, இவ்வளவுதானா! போன உயிர் திரும்பி வந்தது கோபிசங்கருக்கு. வாய்விட்டே சிரித்தான்.

"அது அன்பிலை செய்யிறது, அன்ரி. முதல் மூண்டு மாசம் கொஞ்சம் வெருட்டுவம். பிறகு அவைக்குக் கொத்துரொட்டி வாங்கிக் குடுக்கிறதும் நாங்கள்தான். இதைக்கூடத் தாங்க ஏலாதவன் நாளைக்கு உலகத்தை என்னெண்டு தாங்கப்போறான்?"

தாயின் பக்கத்தில் நின்ற தர்ஷிகா நிமிர்ந்தாள். "என்னெண்டு வெருட்டுவியள், அண்ணை? ஒருக்காச் செய்து காட்டுங்கோவன். எனக்கும் பயம் தெளியட்டும்."

கேட்கவும் வேண்டுமா? கோபிசங்கர் எழும்பி நின்றான். கையைப் பின்னால் கட்டினான். எத்தனையோ இரவுகளில் இருட்டறைகளில் பழகின குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தான்.

"டேய்! நிமிராதை! நிலத்தைப் பார்!"

சாத்தியிருந்த கதவுக்கு உள்ளே ஏதோ விழுந்து நொறுங்கியது.

கோபிசங்கரின் சிரிப்பு பாதியில் நின்றது. கிருபைரட்ணம் போய் வாசலை மறித்து நின்றார். தர்ஷிகா வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

றோஸ் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அறைக் கதவில் நெற்றியை வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"ராசா, முகம் பாக்க விடேல்லை, குரல் மட்டும்தான் தெரியும் எண்டு எழுதிக் காட்டினனி. நாலு பேரைக் கூப்பிட்டுக் கதைக்க வைச்சிட்டம். வடிவாக் கேட்டனியோ?"

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாருமே கேட்டிராத ஒரு குரல் கதவுக்குள்ளிருந்து வந்தது.

"ஓம் அம்மா. உவர்தான்."