நாற்பதாவது எபிசோடு

திருச்செங்கோட்டுக் காலை வெயில் சமையலறை ஜன்னல் வழியே ரஞ்சனியின் செல்போனில் விழுகிறது. தமிழில் பேசும் சீனத் தொடர் ஓடுகிறது. வடக்கே போர்வெல் ரிக் வண்டியில் எட்டு மாதம் வேலை பார்த்துவிட்டு நேற்று ஊர் வந்த கணவன் சென்னிமலை, காபி டம்ளரோடு அவளருகே உட்காருகிறான். கல்யாணமாகி ஒரு வருஷம். இருவருக்கும் கூச்சம் இன்னும் போகவில்லை. திரையைப் பார்த்தபடி அவன் கேட்கிறான்: "இந்த முதலாளிப் பையன் ஏன் பேசவே மாட்டேங்கறான்?" "மனசுக்குள்ள அந்த ஹீரோயின் மேல பிரியமுங்க. காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக் குடுப்பான், வாயத் தொறந்து மட்டும் சொல்ல மாட்டான்." "எப்பத்தான் சொல்லுவான்?" "நாப்பதாவது எபிசோடுலைங்க." திரையில் மழை, நாயகன் தான் நனைந்தபடி நாயகிக்குக் குடை பிடிக்கிறான். சென்னிமலை செல்போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்துத் தொண்டையைச் செருமிக்கொள்கிறான். "எனக்கு நாலு நாளுதான் லீவு, ரஞ்சனி. நான் இப்பவே சொல்லிப்போடறேன்."