கரடியின் கண்

"கண்ணு பிடுங்கிட்டு வந்ததை நானே நின்னு பாத்தேன், முதலாளி. அதை எப்படி மாத்தி எழுதச் சொல்றீங்க?"

கேட்டவள் ருய்ஹுவா. யாவ் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மடியிலிருந்த தேயிலை டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். சீனாவின் செங்ஹாயில் பொம்மைத் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் கெஞ்ச வந்தால்கூடச் சிரித்துக்கொண்டேதான் வருவார்கள். இத்தனை தலை குனிந்து வந்த ஆளை ருய்ஹுவா பார்த்ததில்லை.

சோதனைக்கூடத்தில் பொம்மைகளை இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. போன வாரம் யாவின் பழுப்புக் கரடியை இயந்திரத்தில் மாட்டி, கண்ணைக் கவ்வி இழுத்தாள். ஐரோப்பாவுக்குப் போவதென்றால் தொண்ணூறு நியூட்டன் இழுவை தாங்க வேண்டும். திரையில் அறுபத்தொன்று காட்டியபோதே கண் கழன்று மேஜையில் உருண்டது.

கரடி ஐரோப்பாவுக்கும், தெற்கே இன்னொரு நாட்டுக்கும் போகிற சரக்கு. விதியும் இரண்டு, அறிக்கையும் இரண்டு. ஐரோப்பிய அறிக்கையில் சிவப்பு முத்திரை குத்தினாள். மற்றதில் தகராறு இல்லை. அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவள் ஐந்து நிமிடம்கூடத் தாமதமாகப் போகவில்லை.

"கப்பல் நாலு மணிக்குக் கிளம்புது, இன்ஜினியரம்மா," என்றார் யாவ். "பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு."

"குழந்தையோட தொண்டை உங்க கப்பல் நேரத்தைப் பாத்துக்கிட்டா இருக்கும்?"

அவர் முகம் காதுவரை சிவந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த ஊரில் சண்டை போட வந்தவனுக்கும் முதலில் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். கெண்டியில் தண்ணீர் கொதித்து ஆறிக்கொண்டிருந்தது. அவள் கிண்ணத்தை வெளியிலேயே எடுக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து இரண்டு பேர் அதைக் கவனித்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

யாவ் டப்பாவை மேஜைமேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். உள்ளே ஏதோ கலகலத்தது. மலைத் தேயிலை, டப்பாவைப் பார்த்தாலே விலை தெரிந்தது. அவள் அதைக் கையால் தொடாமல், பேனா முனையால் திருப்பித் தள்ளினாள்.

"இந்த நாற்காலியில எனக்கு முன்னால இருந்தவரு இப்படித்தான் ஒரு டப்பா வாங்கினாரு. இப்ப லாரி ஓட்டறாரு. எனக்கு லாரி ஓட்டத் தெரியாது."

தடுப்புக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். யாவ் எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தாள். அவரோ நின்றபடியே மூடியைத் திறந்து டப்பாவைக் கவிழ்த்தார்.

கறுப்புக் கண்கள். மேஜை முழுக்க உருண்டன. ஒன்று அவள் மடியில் விழுந்தது.

ஏற்றியது போக மிஞ்சிய நாற்பது கரடிகளைத் தரையில் போட்டு, நேற்று ஒவ்வொன்றாகக் கையாலேயே இழுத்துப் பார்த்தாராம். பாதிக்கு மேல் வந்துவிட்டன. காலையிலிருந்து சரக்கை நிறுத்தச் சொல்லி வாங்குபவரோடு போனில் மல்லுக்கட்டியிருக்கிறார். அந்த ஆள் சிரித்தாராம், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று. ஐரோப்பியச் சோதனையில் கரடி தோற்ற அன்று தானும் அப்படித்தான் நினைத்ததாகத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார் யாவ்.

எந்தச் சரக்கைப் பற்றிப் பேசுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. ஐரோப்பியச் சரக்கு கிடங்கை விட்டே நகரவில்லை என்கிறார், அப்படியானால் கப்பலில் ஏற்றியது எது?

யாவ் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, கண்களுக்கு நடுவே விரித்தார். தெற்கு நாட்டுக்கான அறிக்கை. பச்சை முத்திரை. தேவை ஐம்பது, கிடைத்தது அறுபத்தொன்று, தேர்ச்சி. கீழே அவளுடைய அழகான கையெழுத்து.

சுவரில் மணி மூன்றே கால். ருய்ஹுவாவின் கை கெண்டியை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"அங்கயும் தொண்டை இதே அளவுதானேம்மா," என்றார் யாவ். "இதுலயும் ஃபெயில்னு எழுதிக் குடுங்க."